சின்னக் கடனில் தடி வியாபாரம்: குமரி மாவட்டத்தில் தொடங்குகிறவர்களுக்கு

ஐம்பதாயிரமோ இரண்டு லட்சமோ கடன் வாங்கித் தடி வியாபாரத்தில், அதாவது மர வியாபாரத்தில், இறங்குகிறவர்கள் பலர் முதலில் மெஷின் விலை விசாரிக்கப் போகிறார்கள். அது வேண்டாம். மரம் அறுக்கும் பேண்ட்சா வைக்க வனத்துறை உரிமம் தேவை. 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த பிறகு புது மில்லுக்கு அனுமதி வாங்குவது லேசான காரியமில்லை. ஏற்கெனவே ஓடுகிற மில்லில் கூலிக்கு அறுத்துக் கொள்ளுங்கள். கடன் பணம் மரமாக இருக்க வேண்டும், அந்த மரம் சீக்கிரம் பணமாகத் திரும்ப வேண்டும். இரும்பில் போட்ட பணம் அப்படித் திரும்பாது.

1. முதலில் அளவு பழகுங்கள்

வங்கிக்குப் போவதற்கு முன்பே டேப் பிடிக்கப் பழகிவிட வேண்டும். உருண்டைத் தடிக்கு நடைமுறையில் உள்ள கணக்கு இது: தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுக்க வேண்டும். வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. சுற்றளவு 60 அங்குலம், நீளம் பத்தரை அடி என்றால் 15 × 15 × 10.5 ÷ 144 = 16.4 கன அடி. அதே மரத்தின் மேல்துண்டு சுற்றளவு 48 அங்குலம், நீளம் 7 அடி என்றால் 7 கன அடி. இரண்டும் சேர்த்து 23.4.

அறுத்த பிறகு இவ்வளவும் கைக்கு வராது. நேரான தடியில் இந்தக் கணக்கின்படி 60 முதல் 70 சதவீதம் சாமானாக வரும். வளைவும் கணுவும் இருந்தால் பாதிதான். மீதி செதிளும் தூளும்.

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு தொகை வைத்துப் பார்ப்போம். மரத்துக்கு 12,000, வெட்டுக்கூலி 3,500, ஏற்றி இறக்கி வண்டி வாடகை 4,000, அறுவைக்கூலி கன அடிக்கு 100 வீதம் 2,340. மொத்தம் 21,840. மரத்தின் விலையை மட்டும் 23.4-ஆல் வகுத்தால் கன அடி 513 ரூபாய் என்று மனசு குளிரும். ஆனால் கைக்கு வருவது 60 சதவீதமான 14 கன அடிதான், அப்போது அடக்கவிலை 1,560. உள்ளே பொந்து இருந்து 40 சதவீதம் மட்டும் தேறினால் அதே மரம் 2,300-ஐத் தாண்டும். விளையில் (மரம் நிற்கும் தோட்டத்தில்) நின்று பேரம் பேசும்போது மனசில் ஓட வேண்டிய எண் 1,560, 513 அல்ல. முதல் வருஷ நஷ்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

2. எந்த மரம்

கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் அயனி நம்பகமானது. நம் வீட்டு விளைகளிலேயே நிற்கிறது, ஆசாரிமாரும் விரும்பி வாங்குவார்கள். ஆனால் பட்டை கனமானது. பட்டையோடு சுற்றளவு எடுத்தால் பட்டைக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஓரிடத்தில் கொத்திப் பார்த்துக் கனத்தைக் கழியுங்கள். முற்றின மரமாக இருக்கட்டும், வைரம் (நடுவிலுள்ள முற்றிய கட்டை) குறைந்து வெள்ளை (வெளிப்புற இளங்கட்டை) அதிகமாக இருந்தால் பூச்சி அரிக்கும். மகாகனி பலகைக்கு நல்லது. பலா கிடைத்தால் விடாதீர்கள்.

ரப்பர் வேறு தொழில். 25, 30 வருஷம் பால் எடுத்து முடிந்த தோட்டங்கள் குலசேகரம், அருமனை பக்கம் வெட்டுக்கு வரும். வெட்டிய ஓரிரு நாளிலேயே ரப்பர் தடியில் நீலப் பூஞ்சை ஏறத் தொடங்கும், பிறகு துளைக்கும் வண்டு. போராக்ஸ், போரிக் அமில மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்துகிற மில்லோடு முன்பே பேசி வைத்திருந்தால் மட்டும் தொடுங்கள். எடைக்கு விற்பதாக இருந்தால் தாமதமாகிற ஒவ்வொரு நாளும் ஈரம் காய்ந்து எடை குறையும். ரப்பரை நிலைக்கு ஒருபோதும் விற்காதீர்கள். சீக்கிரம் உளுத்துவிடும், பேரும் போய்விடும்.

3. அட்வான்ஸ் கொடுக்கும் முன்

மரத்தை நான்கு பக்கமும் சுற்றி, கோடாலியின் பின்பக்கத்தால் இடுப்பு உயரத்திலும் தூரிலும் தட்டுங்கள். திண்ணென்று ஒலித்தால் சரி. முரசு போல ஒலித்தால் உள்ளே பொந்து. தூரில் மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் கறையான் வழி தெரியும். துணி உலர்த்தக் கொடி கட்டிய மரம், வேலிக்கம்பி அறைந்த மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும். ஒரு ஆணி மில்லின் வாளைக் கெடுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். பக்கத்தில் மின்கம்பி போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். லாரி நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை நடந்தே பாருங்கள். ஒற்றையடிப் பாதையுள்ள விளையில் சுமைக்கூலி மரத்தின் விலையோடு போட்டி போடும்.

நிலத்தின் தன்மையையும் கேளுங்கள். மலையோரத்தில் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிலத்தில், பட்டா இருந்தாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. சந்தனம், ஈட்டி பக்கமே போக வேண்டாம். தேக்கு உட்படச் சில மரங்களைக் கொண்டுபோக வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். மரத்தின் பெயர், சர்வே எண் இரண்டையும் எழுதிக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். பட்டா நகலும், உரிமையாளர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் லோடு போகும் வண்டியிலேயே இருக்கட்டும்.

4. கடன்

2015-ல் தொடங்கிய, சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு வகை, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் வகை. ஈடு கேட்கக் கூடாது. முத்ரா நேரடியாகக் கடன் தருவதில்லை, உங்கள் வங்கிக் கிளைதான் தரும். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மானியக் கடன் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஆதார், பான், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், தடி அடுக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தம், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு ஆகியவை தேவைப்படும். உத்யம் பதிவு இலவசம். திட்ட அறிக்கை என்றதும் மிரள வேண்டாம், மேலே போட்ட அடக்கவிலைக் கணக்கே அதன் முதுகெலும்பு.

வட்டியைக் கேட்கும்போது ஒரு கேள்வி கட்டாயம்: குறைந்துவரும் பாக்கிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா? இரண்டு லட்சம், 12 சதவீதம், 36 மாதம் என்றால் முதல் வகையில் தவணை 6,643, மொத்த வட்டி ஏறத்தாழ 39,000. இரண்டாவது வகையில் தவணை 7,556, வட்டி 72,000. இரண்டிலும் சொல்லப்படுவது '12 சதவீதம்'தான். குழுக் கடன் நிறுவனத்தில் வாங்கினாலும் வட்டி விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதைத் தந்தாக வேண்டும், நுண்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமும் கிடையாது.

இரண்டு லட்சத்தை இப்படிப் பிரியுங்கள். மரம், வெட்டு, வண்டி, அறுவை எல்லாவற்றுக்கும் 1,30,000. தகரக் கொட்டகைக்கு 25,000. டேப், ஈரப்பத மீட்டர், பெயிண்டுக்கு 5,000. மீதி 40,000-ஐத் தொடாதீர்கள், அது ஆறு மாதத் தவணை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் உண்டு. மழையில் வீடு கட்டும் வேலை படுத்துவிடும், தவணை படுக்காது. கடன் கைக்கு வரும் மாதம் ஜனவரி, பிப்ரவரியாக இருப்பது நல்லது.

5. துண்டு போடுவதும் உலர்த்துவதும்

ஏழடி உயரம், மூன்றரை அடி அகலமுள்ள நிலைக்கு 5 × 3 அங்குலச் சட்டம், இரண்டு பக்கமும் ஏழேழு அடி, மேலும் கீழும் மூன்றரை மூன்றரை அடி என்று மொத்தம் 21 அடி வேண்டும். 5 × 3 × 21 ÷ 144 = 2.19 கன அடி. நம் உதாரண மரத்தில் ஆறு நிலை தேறும். ஆனால் தடியைப் பத்தடியாகத் துண்டு போட்டால் ஏழு போக மூன்றடி மிச்சம், அது தலைச்சட்டத்துக்குப் போதாது. அதனால் பத்தரை அடியும் மூன்று அங்குலமும், அல்லது ஏழடியும் மூன்று அங்குலமும் என்று வெட்டச் சொல்லுங்கள். அந்த மூன்று அங்குலம் முனை வெடித்தால் கழிப்பதற்கு.

அறுத்த அன்றைக்கே இரண்டு முனைகளிலும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் வெடிப்பு வருகிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டை போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஓரங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு குச்சி அரையடி தள்ளி இருந்தாலும் அதற்கு மேலுள்ள பாரம் பலகையை வளைத்துவிடும், அந்த வளைவு பிறகு நிமிராது. மேலே கல் ஏற்றி வையுங்கள். நேர்வெயில் படக் கூடாது, காற்று ஓட வேண்டும். ஓரங்குலப் பலகைக்குக் கோடையில் இரண்டு மூன்று மாதம், மூன்றங்குலச் சட்டத்துக்கு அதைவிடக் கூட. ஈரப்பத மீட்டரில் 15 சதவீதத்துக்குக் கீழே வந்ததைத்தான் 'உலர்ந்தது' என்று சொல்லி விற்க வேண்டும்.

அத்தனை மாதம் பணம் முடங்குமே என்றால், முதல் லோடில் பாதியை ஆர்டர் எடுத்துப் பச்சையாகவே கொடுங்கள். பச்சை என்பதைச் சொல்லியே, அதற்கான விலையில் கொடுங்கள்.

6. விற்பனை

கொத்தனாரும் ஆசாரியும்தான் ஆர்டர் கொண்டுவருவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது அளவு தப்பாதா, சொன்ன நாளில் வருமா என்பதே. நிலை ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டி வாங்குங்கள். கடன் சொன்னால் நோட்டில் தேதியோடு எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், வெளியே நிற்கும் பாக்கி இரண்டு தவணைத் தொகையைத் தாண்டவிடாதீர்கள்.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு விற்பதானால், விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட லோடுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான இணையவழி ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம்.

இரண்டாவது கடனைப் பன்னிரண்டு தவணை தவறாமல் போன பிறகு கேளுங்கள், அதுவும் ஓவர்டிராஃப்ட்டாகக் கேளுங்கள். எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. நல்ல மரம் வந்தால் எடுக்கலாம், சாமான் விற்றதும் திருப்பிப் போடலாம். மழை மாதத்தில் தொடாமல் விட்டால் வட்டியும் ஓடாது.