மருத்துவமனையில் கோமாளியைக் கண்டு மிரளும் குழந்தையை நெருங்குவது எப்படி?

நோயுற்ற குழந்தைகளைச் சிரிக்கவைக்கக் கோமாளி வேடத்தில் போகிறீர்களா? முகம் முழுக்க வெள்ளைச் சாயம் பூசாதீர்கள். வரைந்த சிரிப்பு அசையாது. உள்ளே இருப்பவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று குழந்தைக்குப் பிடிபடாது. பயம் அங்கேதான் தொடங்குகிறது. சிவப்பு மூக்கு ஒன்றே போதும். அதையும் குழந்தையின் கண்ணெதிரே மாட்டுங்கள்.

வாசலிலேயே நின்று, “உள்ளே வரட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் உடனே திரும்பிவிட வேண்டும். ஊசிக்கும் மருந்துக்கும் மறுப்புச் சொல்ல முடியாத பிள்ளைக்கு, இந்த ஒரு மறுப்பு மிகப் பெரிய விஷயம். கெஞ்சி உள்ளே நுழைந்தால் அந்த நம்பிக்கை போயிற்று.

சம்மதித்தால் இரண்டு மீட்டர் தள்ளித் தாழ்வாக உட்கார்ந்து, முதலில் அம்மாவோடு விளையாடுங்கள். குழந்தையை உற்றுப் பார்க்காதீர்கள். ரப்பர் பலூன் கூடாது: வெடித்தால் எல்லாம் பாழ், ஒவ்வாமையும் வரலாம். உதடு பிதுங்கினாலோ, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாலோ மூக்கைக் கழற்றிவிடுங்கள். குழந்தை மூக்கைக் கேட்டால் புதிதாக ஒன்றைக் கொடுங்கள். நீங்கள் போட்டதைக் கொடுத்தால் தொற்று பரவலாம்.