கம்ப்யூட்டர் அடிக்கடி அப்படியே நின்றுவிடுகிறதா?

உடனே விண்டோஸை மறுபடி போடச் சொல்லிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; மெமரியும் டிஸ்க்கும் எத்தனை சதவீதம் ஓடுகின்றன என்று அதில் தெரியும். மெமரி நிரம்பியிருந்தால் பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடிப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க் மேல்தான் என் முதல் சந்தேகம். போட்டோ, சான்றிதழ்களை அன்றைக்கே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாற்றலாம்.

மெமரி, டிஸ்க் இரண்டும் சரி, ஆனால் அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் நிற்கிறது என்றால் சூட்டைப் பாருங்கள். வட சென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடலின் உப்புக் காற்றும், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து ஃபேனிலும், பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட் சிங்கிலும் பிசுக்காக அப்பிக்கொள்ளும். காற்று போகாமல் பிராசசர் கொதிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். ஃபேன் இறக்கை சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மெமரி அட்டையான ரேமையும் கழற்றிப் பாருங்கள்; அதன் தங்க நிறப் பட்டை கறுத்திருந்தால் அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள்.