வருமான வரி நிலுவை உண்மையில் எவ்வளவு என்று கண்டறிவது எப்படி?

பழைய ஆண்டொன்றுக்கு வரி பாக்கி இருப்பதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்ததும், சொன்ன தொகையைக் கட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அந்தத் தொகை எந்த ஆண்டுக்குரியது, எதனால் எழுந்தது, அதன்மேல் எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பது, பணி ஓய்வு பெற்ற சிலருக்கு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்து வரும் எனது உறுதியான கருத்து.

முதலில், வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், வருமான வரித் துறையின் மின்தாக்கல் தளத்திற்கு நீங்களாகவே சென்று, பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே நுழையுங்கள். 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்ற பட்டியின் கீழ் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்று ஒன்று இருக்கும். துறையின் பதிவில் உங்கள் பெயரில் நிற்கும் ஒவ்வொரு டிமாண்டும், அதாவது துறை கட்டச் சொல்லும் ஒவ்வொரு பாக்கியும், அதன் குறிப்பு எண், மதிப்பீட்டு ஆண்டு, தொகை ஆகியவற்றோடு அங்கே தெரியும். ஆண்டைக் குறித்துக்கொள்ளும்போது கவனம் தேவை. 2022-23 மதிப்பீட்டு ஆண்டு என்பது 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை ஈட்டிய வருமானத்தைக் குறிக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு வேறொரு ஆண்டின் காகிதங்களை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் பலர்.

அடுத்ததாக, உங்கள் ரிட்டர்னைச் சரிபார்த்து, அந்த ஆண்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின் கீழ் துறை அனுப்பிய அறிவிப்பைத் தேடி எடுங்கள். தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியலிலிருந்தே அதைப் பதிவிறக்கலாம். சிறிய எழுத்துகளில் பான் எண்ணும், அதைத் தொடர்ந்து எட்டு இலக்கங்களில் பிறந்த தேதியும்தான் அதைத் திறக்கும் கடவுச்சொல். உள்ளே பக்கம் பக்கமாக இரண்டு நெடுவரிசைகள் இருக்கும்: ஒன்றில் நீங்கள் காட்டிய தொகை, மற்றதில் துறை கணக்கிட்ட தொகை. விரலை வைத்துக்கொண்டு வரிவரியாக இறங்கி வாருங்கள். இரண்டும் முதன்முதலாக எங்கே வேறுபடுகின்றனவோ, பெரும்பாலும் அங்கேதான் நிலுவையின் காரணம் இருக்கும்.

நான் பார்த்த ஒரு பெரியவரின் அறிவிப்பில் மொத்த வருமானம் வரை எல்லாம் ஒத்துப்போயின. பிடித்தம் செய்த வரி, அதாவது டிடிஎஸ், உள்ள வரிசையில் மட்டும், இடப்பக்கம் 14,200 ரூபாயும் வலப்பக்கம் பூஜ்யமும் இருந்தன. வைப்புத்தொகையின் வட்டியில் வரியைப் பிடித்த வங்கி, பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்திருந்ததால், ஒருவர் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை ஏறவே இல்லை. அந்தப் பெரியவர் ஒரு ரூபாய் கூடக் கடன்பட்டிருக்கவில்லை. இப்படிப்பட்ட நிலையில், பிடித்தவரைக் கொண்டு டிடிஎஸ் கணக்கைத் திருத்தச் செய்து, 154ஆம் பிரிவின்படி பிழைதிருத்தம் கோர வேண்டும். அந்த 143(1) அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரைதான் அதற்குக் காலம் உண்டு. பிடித்தம் செய்யப்பட்ட அளவுக்கு அதே வரியை மீண்டும் உங்களிடம் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள்.

டிமாண்ட் சரியென்றே தெரிந்தால், வட்டியைக் கணக்கிட வேண்டும். அறிவிப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் கட்டாவிட்டால், அதன் பிறகு மாதத்திற்கு 1 சதவீதம் 220(2) பிரிவின்படி சேரும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கொள்ளப்படும். டிமாண்ட் 18,460 ரூபாய், அறிவிப்பு கிடைத்தது 2022 மே 31 என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூன் 30 அன்று முடிகிறது. நூறுக்குக் கீழுள்ளதை விட்டுவிட்டு 18,400 ரூபாய்க்கு மாதம் 184 ரூபாய் வட்டி. 2024 மார்ச் 31 அன்று கட்டினால் 21 மாதங்களுக்கு 3,864 ரூபாய். ஆக மொத்தம் 22,324 ரூபாய். இடையில் வேறோர் ஆண்டின் ரீஃபண்டை 245ஆம் பிரிவின் கீழ் துறை ஈடுசெய்திருந்தால், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மிகப் பழைய சிறு தொகைகள் வேறு வகை. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட் அறிவிப்பின்படி, 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய்க்கும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய்க்கும் உட்பட்ட டிமாண்டுகள், ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள் நீக்கப்பட்டன.

தளத்தில் எதுவும் நிற்கவில்லை என்பதால் பாக்கியே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தாக்கலே செய்யாத ஆண்டு அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அத்தகைய ஆண்டுக்கு ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையை இறக்கி, வட்டி, வாடகை, பங்கு விற்பனை என எல்லாவற்றையும் கூட்டி, அந்த ஆண்டின் வரிவிகிதத்தில் வரியைக் கணக்கிட்டு, தாமதத் தாக்கலுக்கும் முன்கூட்டிய வரி குறைவுக்கும் 234ஏ, 234பி பிரிவுகளில் வரும் வட்டியையும் சேர்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

கட்டும்போது, 'இ-பே டாக்ஸ்' பகுதியில் 400 என்ற சிறுதலைப்பின் கீழ், டிமாண்டின் குறிப்பு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கட்டுங்கள். சில நாள்கள் கழித்து மீண்டும் உள்ளே சென்று அந்த டிமாண்ட் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்காவிட்டால், அதே பக்கத்தில், பணம் கட்டியதற்கான சலான் விவரங்களைக் கொடுத்துப் பதில் பதிவு செய்யுங்கள்.