தொடக்கப் பள்ளியில் கோல்ஃப் விளையாட்டைத் தொடங்குவது எப்படி?

கோல்ஃப் என்றதும் பரந்த புல்வெளியும் விலை உயர்ந்த மட்டைகளும் நினைவுக்கு வருவதால், அந்த விளையாட்டுக்குப் பள்ளி மைதானத்தில் இடமில்லை என்றே பலரும் கருதுகிறார்கள். பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் இந்தத் தயக்கத்தைக் குறைத்தது டிரை-கோல்ஃப் என்னும் எளிய வடிவம். 1952இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பரப்பிய இம்முறையில், பெரிய தலைப்பகுதி கொண்ட இரண்டு வகைப் பிளாஸ்டிக் மட்டைகள் மட்டுமே உள்ளன. பந்தைத் தரையோடு உருட்டுவதற்குப் புட்டர். சற்று மேலெழும்படி அடிப்பதற்குச் சிப்பர். அதைத் தழுவி, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் எப்படிக் கற்பிக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான கோல்ஃப் பந்து கெட்டியானது, 45.93 கிராம் வரை எடை இருக்கலாம்; முகத்தில் பட்டால் பெருங்காயம் ஏற்படும் என்பதால் அதைப் பள்ளிக்குள் கொண்டுவரவே கூடாது. உருட்டும் பயிற்சிக்கு டென்னிஸ் பந்தும், மேலெழுப்பும் பயிற்சிக்கு ஸ்பாஞ்ச் பந்தும் போதும். பிளாஸ்டிக் கோல்ஃப் மட்டைகள் கிடைக்காவிட்டால், சிறுவர்களுக்கான பிளாஸ்டிக் ஹாக்கி மட்டையைக் கொண்டு உருட்டும் பயிற்சியை மட்டும் நடத்தலாம். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஏழு வயதுக் குழந்தைக்கு அது சோர்வையே தரும். எனவே குழிக்குப் பதிலாக உடற்பயிற்சி வளையங்களைத் தரையில் வையுங்கள்.

அடுத்தது இடத்தை ஒழுங்குபடுத்துவது. என் கருத்தில் ஆசிரியரின் வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் ஒரே கோட்டில் நின்று ஒரே திசையில்தான் அடிக்க வேண்டும். இருவருக்கிடையே குறைந்தது மூன்று மீட்டர் இடைவெளி இருக்கட்டும். முறைக்காகக் காத்திருப்பவர்களுக்கு, அடிப்பவர்களின் பின்னால் தனிக் கோடு வரைந்து, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள். "அடி" என்ற பிறகே அடிக்க வேண்டும். எல்லோரும் அடித்து முடித்து, மட்டைகளைத் தரையில் வைத்த பிறகு, "எடு" என்று சொன்னால்தான் பந்தை எடுக்கப் போக வேண்டும். மட்டையின் தலைப்பகுதி இடுப்புக்கு மேலே எழக் கூடாது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களை, இலக்கைப் பார்த்து நிற்கும்போது வரிசையின் வலது ஓரத்தில் வரும்படி நிறுத்துங்கள்; அப்போது அவர்களும் மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். முதல் வகுப்பில் பத்து நிமிடம் இந்த விதிகளுக்கே போனாலும் அது வீணல்ல.

பிறகு உருட்டலைத் தொடங்குங்கள். பெரியவர்கள் பலர் நீண்ட அடியைத்தான் முதலில் கற்பிக்க விரும்புகிறார்கள். குழந்தைக்கு அது நேர்மாறாக இருக்க வேண்டும். இலக்கை இரண்டு மீட்டர் தொலைவில் வைத்தால் முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைக்கும். பிறகு மூன்று, ஐந்து மீட்டர் என்று நகர்த்துங்கள். வலக்கைக்காரர் இடக்கையை மேலும் வலக்கையை அதன் கீழும் வைத்துப் பிடிக்க வேண்டும். கிரிக்கெட் மட்டையைப் பிடித்துப் பழகிய குழந்தைக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. கைகள் இடம் மாறிக் குழம்புகிறவர்களுக்காக, பிடியில் இரு நிற ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பந்தைப் பார்த்து, கடிகார ஊசல்போல் கைகளை ஆட்டினால் போதும். இதற்கு மேல் விரல் எங்கே, மணிக்கட்டு எப்படி என்று திருத்திக்கொண்டிருந்தால் குழந்தை பந்தை மறந்து உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். வேகமாக அடித்த பந்து வளையத்தைக் கடந்து ஓடுவதைப் பார்த்தாலே, அடுத்த அடியின் வேகத்தைக் குழந்தை தானாகக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பிறகு சிப்பரைக் கொடுங்கள். நம் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் மண்தரையாக இருப்பதால் மட்டை தரையில் இடிக்கும். பந்தைப் பழைய பாய் அல்லது கால்மிதியின் மேல் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். பந்தைத் தூக்க வேண்டும் என்று குழந்தை மட்டையை மேல்நோக்கி வீசும். மட்டை முகப்பின் சாய்வே பந்தைத் தூக்கும் என்பதைச் சொல்லி, பாயை மெல்ல உரசும்படி அடிக்கச் செய்யுங்கள்.

கடைசியாக, ஆறு வளையங்களை மைதானத்தைச் சுற்றி வெவ்வேறு தொலைவுகளில் அமைத்து ஒரு சுற்று ஆடச் செய்யலாம். இங்கே எல்லோரும் ஒரே திசையில் அடிக்க மாட்டார்கள். ஆகவே உருட்டல் மட்டும் போதும், ஒரு குழு வளையத்தை விட்டு நகர்ந்த பிறகே அடுத்த குழு தொடங்க வேண்டும். வளையத்துக்கு இருவர் அல்லது மூவர் வீதம் பிரித்து, ஒருவரின் அடிகளை மற்றவர் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களின் போட்டிகளிலும் இதே வழக்கம்தான். ஒரு வளையத்துக்கு எட்டு அடிகள் என்று உச்சவரம்பு வைத்தால், பின்தங்கிய குழந்தை எல்லோரும் பார்த்திருக்கத் தடுமாற நேராது. எண்ணிக்கையில் தகராறு வந்தால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், இருவரையும் சேர்ந்து அடிகளை நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

ஆர்வம் மிகுந்த குழந்தையின் பெற்றோர் உண்மையான மட்டை வாங்கலாமா என்று கேட்பார்கள். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கிக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது குழந்தைக்குக் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். உயரத்துக்கேற்ற சிறுவர் மட்டை ஒன்றை வாங்கி, பயிற்றுநர் உள்ள கோல்ஃப் பயிற்சித் திடலில் மட்டும் பயன்படுத்துவது நல்லது.