நடுகல் வீரனை நடக்க வைப்போம்: வீட்டிலேயே ஒரு களிமண் கேம்

களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படம் எடுத்துச் செய்வதுதான் களிமண் கேம். அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ‘தி நெவர்ஹூட்’டை விளையாடிவிடுங்கள். 1996-ல் விண்டோஸுக்கு வந்த பாயின்ட் அண்ட் கிளிக் கேம் (திரையில் உள்ள பொருள்களை மவுஸால் கிளிக் செய்து விளையாடுவது), அதை உருவாக்கிய டக் டென்னேப்பலும் அவர் குழுவும் மூன்று டன்னுக்கு மேல் களிமண்ணைப் பிசைந்து கட்டிய உலகம். ஒரிஜினல் பைல்கள் கையில் இருந்தால் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் இன்றைக்கும் ஓடும். புதிரை முடிக்க அவசரப்படாமல் சுவர்களைப் பாருங்கள், மண்ணை அமுக்கிய விரலின் தடம் அப்படியே இருக்கும். அதன் நாயகன் கிளேமேன் எடுத்த பொருளைத் தன் நெஞ்சைத் திறந்து உள்ளே போட்டுக்கொள்வான். ஒரு மரத்துப் பழத்தைத் தின்றுவிட்டு அவன் விடும் நீள ஏப்பத்தால் கதை ஒரு அடிகூட நகராது, ஆனால் விளையாடியவர்களைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தொட்டால் ஏதாவது நடக்கும், நடப்பதை யாரோ கையால் செய்திருக்கிறார்கள் என்ற இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வகை கேமின் அழகு என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் செய்யப்போகும் ஒற்றைக் காட்சிக்கும் அதுவே போதும்.

காட்சிக்காக வெளியே எங்கும் தேட வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு நடுகல் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கற்களின் முன் நிதானமாக நில்லுங்கள். கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், சிலவற்றில் மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. மாடு மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு நட்ட கல்லிலேயே ஒரு கேமுக்கான கதை முழுசாக இருக்கிறது. பாறைக்குன்று, ஒரு நெல்லி மரம், ஒரு பானை, நடுவில் நடுகல். ஒளிந்திருக்கும் பசுவைக் கண்டுபிடித்துக் கல்லருகே கொண்டுவந்தால் வீரன் கல்லைவிட்டு இறங்கி வருவான். முதல் கேமுக்கு இதற்கு மேல் ஒரு புதிரும் சேர்க்காதீர்கள்.

இப்போது மண். ஏரி மண்ணும் குயவர் மண்ணும் விளக்குச் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும், அதனால் அசையாத பாறைக்கும் பானைக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அசைகிற எதற்கும் ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் எண்ணெய்க் களிமண்தான் சரி, அது காயாது. கை நனைத்து உருட்டிய ராகிக் களி போல விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையுங்கள். சித்திரை வெயிலில் பொம்மை தொய்ந்துபோனால் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். கை காலுக்குள் மெல்லிய அலுமினியக் கம்பியை இரண்டாக முறுக்கி வைத்தால் பொம்மை நிற்கும், பாதத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வதும் உதவும். விரல் தடத்தைத் தேய்த்து அழிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படம் பிடிப்பதில்தான் பொறுமை தேவைப்படும். மொபைலை ஸ்டாண்டில் பொருத்தி, ஸ்டாண்டின் காலை மேஜையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். போகஸ், வெளிச்சம், நிற அளவு மூன்றையும் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி எல்லாம் துடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு இரண்டு விளக்கில் எடுங்கள், மேகம் ஒன்று கடந்து போனால்கூட படத்தில் தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம், நீங்கள் நகரும்போதெல்லாம் அதன் வெளிச்சம் பொம்மை மேல் அடிக்கும். மொபைலைத் தொடாமல் இயர்போன் வால்யூம் பட்டனால் கிளிக் செய்யலாம். வினாடிக்கு 12 படம் போதும், ஐந்து வினாடிக் காட்சி என்றால் 60 படம். கரண்ட் போனால் விளக்கின் இடமும் பொம்மையும் அசையாமல் பார்த்துக்கொண்டு, வந்தபிறகு கடைசிப் படத்தோடு ஒப்பிட்டுத் தொடருங்கள்.

நாயகன், அதாவது விளையாடுகிறவர் நடத்திச் செல்லும் பொம்மை, நடப்பதற்கு எட்டு படம் எடுத்து அதையே சுழற்றினால் போதும். வலப்பக்கம் எடுத்ததைத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் தயார், அப்புறம் முன்பக்கமும் பின்பக்கமும். பின்னால் பச்சைத் தாளை மாட்டி எடுத்தால் பொம்மையைத் தனியாக வெட்டுவது சுலபம், பொம்மையில் பச்சை நிறம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீரன் கல்லைவிட்டு வெளிவரும் காட்சிக்கு நேரத்தை அள்ளிக் கொடுங்கள். எண்ணெய்க் களிமண்ணில் பலகை மாதிரி ஒரு கல், அதில் புடைப்பாக வீரன். முதலில் கண்ணை மட்டும் பல்குச்சியால் ஒரு நூல் அளவு தள்ளி ஒரு படம், மறுபடி தள்ளி ஒரு படம். பிறகு தோள் பக்கம் கொஞ்சம் மண்ணைச் சேர்த்துச் சேர்த்து உப்ப வையுங்கள், தோள் முழுசாக வெளியே வந்ததும் கம்பி வைத்த முழு பொம்மையை அந்த இடத்தில் மாற்றி வைத்துவிடலாம். அவன் போனபின் கல்லில் அவன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கட்டும்.

எடுத்த படங்களைக் கேமாக இணைக்க அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸில் ஓடும். பின்னணிப் படத்தை ஏற்றி, நடக்கக்கூடிய தரையை வரைந்து, தொட வேண்டிய பொருள்களை ஹாட்ஸ்பாட்டாக (கிளிக் செய்தால் ஏதாவது நடக்கும் இடமாக) குறித்து, பாறைக்குப் பின்னால் நாயகன் மறைய வேண்டிய பகுதியையும் குறித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. திரையில் வரவேண்டிய தமிழ் எழுத்தைக்கூட மண்ணில் கீறிப் படமாகவே எடுத்துப் போடுங்கள், காட்சியோடு அதுதான் பொருந்தும். சத்தத்துக்குப் பானையைத் தட்டி, மாட்டு மணியை ஆட்டி மொபைலிலேயே பதிவு செய்யலாம்.

கடைசியாக, கதைக்குத் தேவையில்லாத பொருள்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பானையைத் தொட்டால் ஓர் ஓணான் எட்டிப் பார்த்து உள்ளே போகட்டும். நெல்லி மரத்தைத் தொட்டால் ஒரு காய் விழட்டும், நாயகன் அதைக் கடித்துவிட்டுப் புளிப்பில் கண்ணை இறுக்கி மூடட்டும். தொட்டும் எதுவும் நடக்காத பொருள் ஏதாவது இருந்தால் அதற்கும் ஆறேழு படம் எடுத்துச் சேர்த்த பிறகு நண்பர்களுக்கு அனுப்புங்கள்.