பத்தமடைக் கல்யாணப் பாய்: சிங்கப்பூரிலிருந்து தறிக்கே ஆர்டர் கொடுப்பது எப்படி

தை மாதத்தில் கல்யாணம் என்றால், மணமக்கள் பெயர் நெய்த பாய்க்கான ஆர்டர் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக்கு ஆவணியிலேயே போய்விட வேண்டும். தாமிரபரணிப் பக்கம் பச்சையாக அறுத்த கோரைப் புல்லைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, திரும்பவும் காயவைத்த பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை இழுத்துக்கொண்டே போகும். அவசரப்படுத்தினால் ஈரம் போகாத கோரை தறிக்கு ஏறும். பாய் நம் வீட்டுக்கு வந்து சேரும்போதே பூஞ்சை பூத்திருக்கும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர், ஆகவே ரமலான் மாதத்தில் நெருக்கக் கூடாது.

முதலில் கவுண்ட் பேசுங்கள், அதாவது நெசவு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் எண். நயமான பாய் 100 முதல் 140 கவுண்ட் வரை போகும். கோரை நூல் மாதிரி மெலிசாக இருக்கும், பாவுக்கு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு, பருத்தியோ பட்டோ போடுவார்கள். நீள அகலம் ஒன்றாக இருந்தாலும், கவுண்ட் ஏற ஏற நாள் கூடும், விலையும் ஏறும். சாதாரணப் பாயின் விலையைக் காட்டி இதைப் பேரம் பேசுவது நியாயமே இல்லை.

பாயில் நெய்ய வேண்டிய மணமக்கள் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள். கட்டம் போட்ட தாளில் பெரிதாக எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். ணை, ளு மாதிரி வளைவுள்ள எழுத்துகள் முரட்டுக் கோரையில் உடைந்து தெரியும். அதற்கு நயமான கவுண்ட் வேண்டும், இல்லையென்றால் முதலெழுத்து போதும்.

பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கோரையும் நூலும் வாங்க நெசவாளர் தரகரிடம் கடன்படுவார், கூலியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். முகூர்த்தம் குறைந்த ஆடியில் தீபாவளி அன்பளிப்புக்கான மேசை விரிப்பு, கைப்பை என்று அலுவலக ஆர்டர் சேர்த்துக் கொடுத்தால் தறி சும்மா கிடக்காது. ஒரு கல்யாணப் பாயைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய உதவி.

விமானத்திலோ தபாலிலோ வரும் பார்சல், அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து 400 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் சிங்கப்பூரில் 9 சதவீத ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) உண்டு. நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். பாயை அட்டைக் குழாயில் சுருட்டி, காகிதம் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கை நேராகப் பாய்மேல் சுற்றினால் உள்ளே வேர்த்துவிடும்.

வந்ததும், கோரைக்குப் பதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையைக் கிள்ளிக் கொளுத்திப் பாருங்கள். கோரை சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி மணியாகத் திரளும்.

பாயைப் பாம் ஷெல்ட்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் தடித்த சுவர் பாதுகாப்பு அறையில், வைக்கவே வேண்டாம். கதவை மூடினால் காற்றோட்டம் குறைவு, சிங்கப்பூர் ஈரப்பதத்தில் சில வாரங்களிலேயே வெள்ளைப் புள்ளி விழும். அப்படி விழுந்தால் ஒரு பங்கு வினிகரை நாலு பங்கு தண்ணீரில் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, கோரை ஓடும் திசையில் துடையுங்கள். சாயம் இளகுகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே விரித்து உலர்த்தலாம். வெயிலில் போட்டால் கோரை முறுகும், சாயமும் வெளுக்கும்.