ஐரோப்பாவின் மீட்பு ஹெலிகாப்டர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நடுவே தத்ரா மலைத்தொடரில் ரிஸி என்றொரு சிகரம் இருக்கிறது. இரு நாட்டு எல்லைக்கோடும் அதன் மேல்தான் ஓடுகிறது. வடபக்கச் சரிவில் ஒருவர் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால், போலந்தின் டோப்ர் என்ற மலை மீட்புக் குழு சகோபானே ஊரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து தூக்கிப்போகும். பில் வராது. அதே ஆள் தென்பக்கம் விழுந்திருந்தால் ஸ்லோவாக்கியாவின் மலை மீட்புப் படை வரும். அவர்களும் நன்றாகத்தான் காப்பாற்றுவார்கள். ஆனால் காப்பீடு இல்லையென்றால் மீட்புச் செலவு விழுந்தவர் தலையில்.

இதனால்தான் “ஐரோப்பாவில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இலவசமா?” என்ற கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது என்கிறேன். ஹெலிகாப்டர் எவ்வளவு பாதுகாப்பாகப் பறக்க வேண்டும், விமானிக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விதிகள் உண்டு. யார் இயக்குவது, யார் பணம் கொடுப்பது, உள்ளே டாக்டர் இருப்பாரா என்பதெல்லாம் அந்தந்த நாடு எடுக்கும் முடிவு. ஜெர்மனியில் அது மாநிலத்தின் பொறுப்பு, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிராந்தியத்தின் பொறுப்பு. ஒரு நாட்டில் கேட்டதை அடுத்த நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது.

ஜெர்மனியில் இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறிலிருந்து தொடங்கலாம். அங்கே பறக்கும் மஞ்சள் ஹெலிகாப்டர்களில் பெரிதாக ஏடிஏசி என்று எழுதியிருக்கும். அது கார் ஓட்டுபவர்களின் சங்கம். நடுவழியில் வண்டி நின்றால் உதவிக்கு வருவதும் அவர்கள்தான். அதனால் சந்தா கட்டிய உறுப்பினருக்குத்தான் ஹெலிகாப்டரும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வந்ததும் கட்டுப்பாட்டு அறைதான் எதை அனுப்புவது என்று முடிவு செய்கிறது. நோயாளி உறுப்பினரா என்று யாரும் பார்ப்பதில்லை. செலவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. ஏடிஏசி மட்டும் பறப்பதாக நினைப்பதும் தவறு. சிவப்பு-வெள்ளையில் டிஆர்எஃப் என்ற விமான மீட்பு அமைப்பும் பறக்கிறது. ஆரஞ்சு நிற ஹெலிகாப்டர்கள் மத்திய அரசு பேரிடர்ப் பாதுகாப்புக்காக வாங்கிக் கொடுத்தவை. அவற்றை ஓட்டுவது மத்திய காவல்துறை விமானிகள். நிறம் எதுவானாலும் வானொலித் தொடர்பில் அழைப்புப் பெயர் ‘கிறிஸ்டோஃப்’தான். பயணிகளின் காவலரான புனித கிறிஸ்டோபரின் பெயர் அது. கிறிஸ்டோஃப் 1 என்ற முதல் ஹெலிகாப்டர் 1970 நவம்பர் 1 அன்று மியூனிக்கில் பணிக்கு வந்தது.

அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனியின் சாலைகளில் மட்டும் 19,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1969 மே மாதம், பியோர்ன் ஷ்டைகர் என்ற எட்டு வயதுச் சிறுவன் நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பும்போது கார் மோதி விழுந்தான். ஆம்புலன்ஸ் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனான். அவன் பெற்றோர் அந்தத் துக்கத்தோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரத் தொலைபேசி, ஒரே அவசர எண், விமான மீட்பு என்று ஒவ்வொன்றுக்காகவும் அரசின் கதவைத் தட்டினார்கள். 1972-இல் உருவான டிஆர்எஃப் அந்த முயற்சியின் பிள்ளை. இந்தக் கதை தெரியாமல் “பணக்கார நாடு, ஹெலிகாப்டர் வாங்கிவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவிட்சர்லாந்தில் தவறு வேறு மாதிரி. அங்கே மீட்பு ஹெலிகாப்டர்களை இயக்கும் ரேகா 1952-இல் தொடங்கியது. அது அரசு நிறுவனம் அல்ல, ஓர் அறக்கட்டளை. 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்து அதைத் தாங்குகிறார்கள். நாட்டின் மக்கள்தொகையே 90 லட்சம்தான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று புரியும். அங்கே வாழும் ஈழத்தமிழர் குடும்பங்கள் பலவற்றிலும் ரேகா ஆதரவாளர் அட்டை உண்டு. தவறு எங்கே வருகிறது என்றால், அந்த அட்டையைக் காப்பீடு என்று எண்ணிக்கொள்வதில். அது நன்கொடை. உங்களை மீட்டபின் காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்தால், ரேகா தன் விருப்பத்தின் பேரில் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்யலாம். சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை அதில் இல்லை. கட்டாய அடிப்படை மருத்துவக் காப்பீடோ மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரைதான். ஆகவே அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டை இல்லாதவரை ரேகா விட்டுவிட்டுப் போகும் என்று பயப்படவும் வேண்டாம். முதலில் மீட்பு, கணக்கெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, ரேகாவின் 1414 என்ற எண் சுவிஸ் முழுவதற்கும் ஒரே மாதிரி என்று எண்ணுவது. மேட்டர்ஹார்ன் சிகரம் நிற்கும் வலே மாநிலத்தில் ஏற்பாடே வேறு. அங்கே 144-ஐத்தான் அழைக்க வேண்டும். ஏர் செர்மாட், ஏர் கிளேசியர்ஸ் என்ற உள்ளூர் நிறுவனங்கள் 1960-களிலிருந்தே அந்தப் பள்ளத்தாக்குகளில் பறந்துவருகின்றன.

பிரிட்டனுக்குப் போனால், “தொண்டு நிறுவனமா? அப்படியென்றால் தன்னார்வலர்கள் ஏதோ முடிந்ததைச் செய்வார்கள்” என்று எடைபோடுகிறார்கள். இங்கிலாந்தில் மீட்பு ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் மக்களின் நன்கொடையில்தான் பறக்கின்றன என்பது உண்மை. கார்ன்வாலில் 1987-இல் முதலாவது தொடங்கியது. பழைய துணி விற்கும் கடை, வாராந்தர லாட்டரி, உயில் எழுதி வைக்கும் சொத்து என்று காசு பல வழியில் வருகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மிகவும் தேர்ந்தவர்கள். 1989-இல் தொடங்கிய லண்டன் வான் ஆம்புலன்ஸில் டாக்டரும், பாராமெடிக் எனப்படும் அவசர மருத்துவப் பணியாளரும் சேர்ந்து போகிறார்கள். தேவைப்பட்டால் நடுத்தெருவிலேயே நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சரிசெய்யவும் தயாராக இருப்பார்கள். 2012 முதல் ரத்தத்தையும் கூடவே எடுத்துப் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் இதே வேலைக்கு அரசு செலவில் இயங்கும் ஹெலிகாப்டர்களும் உண்டு. எனவே ‘பிரிட்டன்’ என்று ஒரே மூச்சில் சொல்வதுகூட முழுச் சரியில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைக்கும் தவறு, ஹெலிகாப்டரை வேகமான ஆம்புலன்ஸ் வண்டி என்று மட்டும் பார்ப்பது. நெதர்லாந்தைப் பாருங்கள். ‘லைஃப்லைனர்’ என்ற நான்கு மருத்துவ ஹெலிகாப்டர்கள் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், வோல்கெல், குரோனிங்கன் ஆகிய இடங்களை மையமாகக் கொண்டு நாடு முழுவதையும் பார்த்துக்கொள்கின்றன. வயலில் இறங்குவார்கள், டாக்டர் பையோடு ஓடுவார். சற்று நேரத்தில் நோயாளி சாதாரண ஆம்புலன்ஸில் சாலை வழியே போவார், டாக்டரும் அதே வண்டியில் ஏறிக்கொள்வார். ஹெலிகாப்டர் காலியாகப் பின்னால் பறக்கும். பார்க்கிறவர்கள் “இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு நோயாளியை ஏற்றவில்லையே” என்று கோபப்படுவதுண்டு. கோபத்துக்கு அதில் இடமே இல்லை. அந்த ஹெலிகாப்டர் வந்ததே மருத்துவமனையின் ஒரு பகுதியை நோயாளியிடம் கொண்டுவரத்தான். மூச்சுக்குழாயில் குழாய் செருகி, மயக்க மருந்து கொடுத்து, ரத்தம் ஏற்றியாகிவிட்டது என்றால் அதன் வேலை முடிந்தது.

நார்வேயும் இந்த எண்ணத்தின் மீதுதான் நிற்கிறது. 1970-களின் இறுதியில் ஒரு தனியார் அறக்கட்டளை தொடங்கிய சேவையை 1988-இல் அரசு நாடு தழுவிய திட்டமாக ஏற்றுக்கொண்டது. ஹெலிகாப்டரில் மயக்க மருந்து நிபுணர் கட்டாயம் இருப்பார். மக்களில் 90 சதவீதம் பேரை 45 நிமிடத்துக்குள் ஒரு டாக்டர் சென்றடைய வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. ஃபியோர்டுகளும் தீவுகளுமாக உடைந்து கிடக்கும் அந்த நிலத்தில் சாலையை மட்டும் நம்பி அப்படி ஓர் இலக்கை வைக்கவே முடியாது. ஆனால் டாக்டர் இருப்பது ஐரோப்பா முழுவதற்கும் பொது வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தில் ஏத்லோனிலிருந்து விமானப்படை பறக்கும் சேவையில் போவது உயர் பயிற்சி பெற்ற பாராமெடிக்.

எந்த ஹெலிகாப்டரும் கயிறு இறக்கித் தூக்கும் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. அதற்கான வின்ச் என்ற கருவி இல்லாத மருத்துவ ஹெலிகாப்டர்கள் நிறைய. ஜெர்மனியில் சில நிலையங்களில்தான் வின்ச் உண்டு. பிரிட்டனில் மலையிலும் கடலிலும் தூக்கும் வேலை கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர்களுடையது. நார்வேயில் அது விமானப்படையின் 330-ஆம் படைப்பிரிவுக்கு. பிரான்சில் மருத்துவமனைகளின் ஹெலிகாப்டர்கள் தனி, அரசின் மீட்புப் பணிக்கான மஞ்சளும் சிவப்புமான ‘டிராகன்’ ஹெலிகாப்டர்கள் தனி. அங்கே மலை மீட்பு அரசின் பொறுப்பானதற்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கிறது. 1956 டிசம்பரில் வென்சன்டோன், ஆன்றி என்ற இரண்டு இளைஞர்கள் மோன் பிளாங்க் மலையில் சிக்கிக்கொண்டார்கள். யார் பொறுப்பு என்று தெளிவில்லாமல் நாட்கள் போயின. மீட்கப் போன ஹெலிகாப்டரும் அங்கேயே விழுந்தது. கடைசியில் இருவரும் இறந்தார்கள். அதன்பின் 1958-இல் மலை மீட்பின் பொறுப்பை அரசு தெளிவாக ஏற்று, ஷமோனியில் அதற்கென்றே காவல் பிரிவை அமைத்தது. இன்றும் பிரான்சில் மலைமுகட்டில் அரசுப் படை செய்யும் மீட்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பனிச்சறுக்குத் தடத்தின் மேல் விழுந்தால் உள்ளூர் நிர்வாகம் பில் அனுப்பலாம்.

சுற்றுலா வருபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். ஆஸ்திரியாவில் மலை விளையாட்டு விபத்துக்கான ஹெலிகாப்டர் செலவை அந்நாட்டு அரசு மருத்துவக் காப்பீடே பொதுவாக ஏற்பதில்லை. இத்தாலியின் மலைப் பிராந்தியங்கள் சிலவற்றில், காயமில்லாமல் களைத்துப்போய் ஹெலிகாப்டரை வரவழைத்தவரிடம் பணம் கேட்பார்கள். ஐரோப்பிய மருத்துவ அட்டை இருந்தாலே போதும் என்று ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் நினைக்கிறார்கள். மலை மீட்பு அதற்குள் வருவதில்லை. சென்னையிலிருந்து ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ காப்பீடு எடுத்தவர்களும் பாலிசியில் ‘தேடுதல், மீட்பு’ என்ற வரி இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அழைக்கும்போது செய்யும் தவறு ஒன்றுதான், ஆனால் பெரியது: “ஹெலிகாப்டர் அனுப்புங்கள்” என்று வற்புறுத்துவது. அதை முடிவு செய்வது கட்டுப்பாட்டு அறை. மூடுபனியிலும் பனி உறையும் மேகத்திலும் பறக்க முடியாது. ஜெர்மனியின் பல நிலையங்கள் விடிந்து இருட்டும் வரைதான் இயங்குகின்றன. லண்டனில் இரவில் அதே மருத்துவக் குழு காரில் வரும். நீங்கள் சொல்ல வேண்டியது எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சும் நினைவும் இருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பியோ கேபிள் காரோ உண்டா என்பவை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112 வேலை செய்யும். சுவிஸ், நார்வே, பிரிட்டனிலும் செய்யும். ஆஸ்திரிய மலைகளில் 140 என்ற தனி எண்ணும் உண்டு. பிரிட்டன் மலைகளில் 112 அல்லது 999-ஐ அழைத்து முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

ஹெலிகாப்டர் இறங்கும்போது ஓடிப்போய் எதிர்கொள்ளாதீர்கள். சுழலும் விசிறி அடிக்கும் காற்றில் துப்பட்டா, தொப்பி, குடை, தரையில் விரித்த போர்வை எல்லாம் பறந்து போய் அதிலேயே சிக்கலாம். விமானி கையசைத்த பிறகே, அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகப் போக வேண்டும். சரிவான இடம் என்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து ஒருபோதும் நெருங்கக் கூடாது, அங்கே விசிறி தரைக்கு மிக அருகில் சுழலும். டிரோன் விட்டுப் படம் பிடிப்பது இன்னொரு உயிரோடு விளையாடுவது.

ஆல்ப்ஸ் மலையில் நடக்கும்போது மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கு ஆசையாக இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டும் பழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே இரண்டு கைகளையும் மேலே விரித்துத் தூக்கினால் “ஆம், உதவி வேண்டும்” என்று பொருள். ஒரு கையை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் சாய்வாக நீட்டினால் “வேண்டாம்”. வேறொருவரைத் தேடி வந்த விமானி நீங்கள் கையாட்டியதைப் பார்த்து உங்களிடம் இறங்கிவிட்டால், அவரைக் காத்துக் கிடப்பவருக்கு அந்த நிமிடங்கள் போய்விடும்.